தட்டிப் பார்த்து வாங்கும் துப்பாக்கி

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று நிற்கும் மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபுவை நமக்குத் தெரியும். 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்தவர். உள்ளாட்சிக்கு வழி திறந்தவர் என்பதால் ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று மதராஸ் கொண்டாடியவர். அவருடைய மகனை இங்கே யாரும் நினைப்பதில்லை. இங்கிலாந்தில் வேட்டைக்காரர்கள் மத்தியில் கதை தலைகீழ். அங்கே ‘ரிப்பன்’ என்றாலே மகன்தான். 1867 முதல் 1923 வரை அவர் கணக்கு எழுதி வைத்துச் சுட்ட உயிர்களின் எண்ணிக்கை 5,56,813. அந்தக் கணக்கின் கடைசி வரி 1923 செப்டம்பர் 22. யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் அன்று 52 பறவைகளைச் சுட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே சரிந்து இறந்தார். வயது 71.

எண்ணிக்கையைக் கேட்டு முகம் சுளிக்கலாம். சுளிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அவர் கையில் இருந்த பொருள். லண்டன் பர்டி நிறுவனம் செய்த மூன்று இரட்டைக்குழல் துப்பாக்கிகளை அவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார். பின்னால் இரண்டு ஆட்கள் நின்று தோட்டா போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் துப்பாக்கிகளில் குதிரைகள், அதாவது தோட்டாவின் மருந்தைத் தட்டி எழுப்பும் சுத்திகள், இரண்டு காதுகள்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குதிரையை உள்ளே மறைத்த துப்பாக்கி வந்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் அவர் மாறவில்லை. அரசர் ஐந்தாம் ஜார்ஜும் கடைசிவரை அந்தப் பழைய வகையைத்தான் கையில் எடுத்தார். 1913 டிசம்பர் 18 அன்று ஹால் பார்ன் என்ற பண்ணையில் அரசரும் கூட்டாளிகளும் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட் கோழிகளை வீழ்த்தினார்கள். மூன்று வாரத்துக்கு முன்புதான் இங்கே ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டிருந்தது.

பழசு போதும் என்று அவர்கள் நினைத்ததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமா? இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1890-இல் செய்த துப்பாக்கியோடு பனிக்காலத்தில் வயலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதே துப்பாக்கியை வெல்வெட் பெட்டியில் வைத்து, ஈரம் படாமல், குண்டு போடாமல் காக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு அது கருவி. மறு தரப்புக்கு அது ஆவணம். கருவியாக நினைத்தால் தேயும். ஆவணமாக நினைத்தால் ஊமையாகும். இந்த இழுபறி எப்படி உண்டானது, எந்தத் தரப்புக்கு வலு அதிகம் என்பதைத்தான் பார்க்கப் போகிறேன்.

இரட்டைக்குழல் துப்பாக்கியின் உருவத்தை முதலில் செதுக்கியவர் லண்டனின் ஜோசஃப் மேண்டன். அவர் குடும்பப் பெயரில் கல்கத்தாவிலும் கடை இருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டி 1814-இல் தனிக்கடை போட்டார். அப்போதெல்லாம் மருந்தையும் குண்டையும் குழல் வாய்வழியே கெட்டித்து இடிக்க வேண்டும். பாரிஸின் லெஃபோஷோ நடுவில் மடங்கித் திறக்கும் துப்பாக்கியைச் செய்து, 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். ஆங்கிலேயர்கள் முதலில் மூக்கைச் சுழித்தார்கள். பிறகு விழுந்து விழுந்து நகலெடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது ஒரு வெள்ளம். 1863-இல் பர்டியின் பூட்டு, 1865-இல் ஸ்காட்டின் மேல்நெம்பு, 1875-இல் பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சனும் டீலியும் கண்ட, குதிரையை உள்ளே அடக்கிய ‘பாக்ஸ்லாக்’, 1880-இல் பீஸ்லி வடிவமைத்து பர்டி வாங்கிக்கொண்ட, தானே திறந்துகொள்ளும் பொறி. முப்பது ஆண்டுக்குள் இந்தப் பொருள் முடிந்துபோயிற்று. ‘முடிந்துபோயிற்று’ என்பதை இரண்டு அர்த்தத்திலும் சொல்கிறேன். இன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலை சொல்லி விற்கும் புதிய பர்டிக்குள் இருப்பதும் அந்த 1880 பொறிதான்.

ஒரு கைபேசி நான்கு ஆண்டில் கிழடாகும் காலத்தில் இது கொஞ்சம் விநோதம். காரணம், அந்தப் பொருள் செய்ய வேண்டிய வேலை மாறவே இல்லை. முப்பது கிராம் சிறுகுண்டுகளை 30, 35 மீட்டர் தூரத்தில் பறக்கும் பறவையின் மேல் ஒரு தட்டுபோல் விரித்து வீச வேண்டும். அதைத் தூக்கும் ஆள் நாள் முழுவதும் நடக்க வேண்டும். துப்பாக்கியின் எடை, அது வீசும் குண்டுப் பொதியின் எடையைப்போல 96 மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார் பர்மிங்காமின் துப்பாக்கி வினைஞர் கிரீனர். அதற்குக் குறைந்தால் தோளில் உதைக்கும். கூடினால் கை ஓயும். அந்தக் கணக்குப்படி சுமார் மூன்று கிலோ வருகிறது. அன்றைய நல்ல துப்பாக்கிகளின் எடையும் அதுவே.

குழல் இரண்டு என்பது இரண்டு முறை சுடுவதற்காக மட்டும் அல்ல. வலக்குழலின் வாய் சற்று அகலம், இடக்குழலின் வாய் சற்று இறுக்கம். ‘சோக்’ என்று சொல்லும் இந்த இறுக்கம் குண்டுகள் சீக்கிரம் சிதறாமல் தடுக்கும். வேட்டைநாய் கிளப்பிய காடை முதலில் அருகில் இருக்கும். முன் விசையை அழுத்தினால் அகலக் குழல் வெடிக்கும். தப்பினால் அது தூரம் போயிருக்கும். பின் விசை, இறுக்கக் குழல். எதிர்த்திசையிலிருந்து பறவை தலைக்கு நேரே வந்தால் விரல் வரிசையை மாற்றிக்கொள்ளும். யோசிக்க நேரமில்லாத நொடியில் விரல் தேர்ந்தெடுக்கிறது. ஒரே குழலில் ஐந்து தோட்டா சுடும் துப்பாக்கிக்கு இந்த வசதி கிடையாது. பழைய துப்பாக்கியை விடாதவர்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான். கேட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு காரணம் கட்டை. அக்ரோட்டு மரத்தில் செதுக்கும் பின்கட்டையின் நீளம், கன்னத்துக்குக் கீழே அது தாழும் அளவு, பக்கவாட்டில் வளையும் அளவு எல்லாம் தையற்காரர் அளவெடுப்பதுபோல ஒருவர் உடம்புக்கென்று எடுத்தவை. பர்டி போன்ற கடைகளின் பேரேடுகளில் அந்த அளவுகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே பழைய துப்பாக்கி வாங்குகிறவர், செத்துப்போன ஒருவரின் சட்டையைப் போட்டுப் பார்க்கிறார். பொருந்தினால் பாக்கியம். பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள் பலவற்றில் கட்டை குட்டையாகவும் அதிகம் தாழ்ந்தும் இருக்கும். இன்றைய வாட்டசாட்டமான ஆள் எடுத்தால் குண்டு பறவைக்குக் கீழே போகும். கட்டையை நீட்டலாம், ஆவி காட்டி வளைக்கலாம். வேட்டைக்காரர் யோசிக்காமல் செய்வார். சேகரிப்பவர் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். கை வைத்த மறுகணம் விலை இறங்கிவிடும்.

அமெரிக்கக் கதைக்கு ஆயுள் குறைவு, கண்ணீர் அதிகம். கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் பார்க்கர் சகோதரர்கள், ஃபிலடெல்ஃபியாவில் ஃபாக்ஸ், நியூயார்க் மாநிலத்தில் எல்.சி. ஸ்மித், இதாகா, லெஃபீவர். பார்க்கர் மட்டும் மொத்தத்தில் சுமார் 2,42,000 துப்பாக்கிகள் செய்தது. லண்டன் சீமான்களுக்காக என்றில்லாமல் விவசாயி, மருத்துவர், மளிகைக்காரர் என்று எல்லோருக்கும் தரம் பிரித்துச் செய்தார்கள். ‘ட்ரோஜன்’ என்ற அடித்தட்டுப் பார்க்கரில் வேலைப்பாடு ஒன்றும் இருக்காது, ஆனால் அதுவும் பார்க்கர்தான். வின்செஸ்டரின் 1897 மாடல் முதலாக மலிவான பல தோட்டாத் துப்பாக்கிகள் வந்து, பிறகு 1930-களின் பொருளாதார முடக்கமும் சேர்ந்து இந்தப் பட்டறைகளைத் தின்றுவிட்டன. 1934-இல் பார்க்கரை ரெமிங்டன் வாங்கியது. இரண்டாம் உலகப் போரோடு உற்பத்தியே நின்றது. ஒரு பொருள் இனி வராது என்று தெரிந்த அன்றுதான் சேகரிப்பவர் பிறக்கிறார்.

பிறந்தவர் சும்மா இருக்கவில்லை. பார்க்கர் ஆலையின் பழைய ஏடுகளைத் தேடிப் பிடித்து, வரிசை எண்ணைச் சொன்னால் அந்தத் துப்பாக்கி எந்த ஆண்டு, என்ன தரத்தில், எவ்வளவு நீளக் குழலோடு வெளியே போனது என்று கடிதமே கொடுக்கும் அளவுக்குச் சங்கம் அமைத்தார்கள். போலிகள் பெருகியதால் அது தேவையும்கூட. சாதாரணத் துப்பாக்கியில் உயர்தரச் சித்திரவேலை செதுக்கி விற்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதனால் ஆலையிலிருந்து வந்தபடியே, மெருகு மங்கியபடியே இருக்கும் துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. பளபளவென்று புதுப்பித்தது சேகரிப்பவருக்கு ஆகாது. இங்கிலாந்தில் மோகம் வேறு வகை. அங்கே சீமான் வீட்டுத் துப்பாக்கிகள் ஜோடியாக வரும். தங்கத்தில் 1, 2 என்று எண் பதித்திருக்கும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஆளுக்கொன்றாகப் பிரிந்து, ஒன்று டெக்சாஸுக்கும் ஒன்று ஸ்காட்லாந்துக்கும் போய்விடும். பிரிந்த ஜோடியைச் சேர்த்து வைப்பதற்கென்றே அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்தால் இரண்டின் தனி விலையைக் கூட்டி வருவதைவிட அதிகம் கிடைக்கும்.

பெரும்பணம் துப்பாக்கிக்காகக் கொடுப்பதில்லை, பிடித்திருந்த கைக்காகக் கொடுப்பது. 1909-இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் இரட்டைக்குழல் 2010-இல் 8,62,500 டாலருக்கு ஏலம் போனது. அதே காலத்தில் பர்மிங்காமில் செய்த, பெயர் தெரியாத பட்டறையின் ஒழுங்கான பாக்ஸ்லாக் ஒன்றை பிரிட்டிஷ் ஏலங்களில் சில நூறு பவுண்டுக்கு எடுக்கலாம். கட்டையும் இரும்பும் அதே தரம். என்னைக் கேட்டால் இந்தப் பொருளின் உண்மையான சந்தை இந்தக் கடைசி வகைதான்; பேப்பரில் வருவது முதல் வகை.

இனி பயத்துக்கு வருவோம். பழைய துப்பாக்கி வெடித்துக் கையைக் கொண்டுபோகும் என்ற பயம். ஜிம் கார்பெட் தன் சிறுவயதில் கிடைத்த முதல் துப்பாக்கியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுவும் இரட்டைக்குழல்தான், வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகை. யாரோ அளவுக்கு மீறி மருந்து இடித்ததில் ஒரு குழல் வெடித்துப் பிளந்துவிட்டது. முறிந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. மிஞ்சிய நல்ல குழலை வைத்துக்கொண்டு காடு கற்றார். அவர் தப்பினார் என்பதற்காக நாமும் துணியக்கூடாது.

1880-களுக்கு முந்தைய குழல்களில் பெரும்பாலானவை ‘டமாஸ்கஸ்’. இரும்பையும் எஃகையும் மாறி மாறி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, கயிறு திரிப்பதுபோல முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றிச் சுற்றி அடித்துப் பற்றவைத்தது. அமிலத்தில் நனைத்தால் ஜரிகைபோல நெளிநெளியாய்க் கோலம் தெரியும். பெல்ஜியத்தின் லியேஜ் வட்டாரத்தில் முழு ஊர்களே இந்தத் தொழிலில் வாழ்ந்தன. கரிமருந்து போய், புகையில்லாத மருந்து வந்ததும் இந்தக் குழல்களுக்குக் கெட்ட பெயர் வந்தது. அமெரிக்கத் தோட்டா நிறுவனங்கள் டமாஸ்கஸ் குழலில் சுடாதீர்கள் என்று பெட்டியிலேயே அச்சடித்தன. முறுக்கு பிரிந்து சுருள்கம்பிபோல் அவிழ்ந்துவிடும் என்று தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொன்னார்கள்.

கதை உண்மையா? பர்மிங்காம் சோதனைக்கூடம் பல வகைக் குழல்களை வெடிக்கும்வரை சோதித்ததை கிரீனர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்; நல்ல ஆங்கிலக் குழல்களில் முறுக்கி அடித்தவை எஃகோடு சமமாக நின்றன, சில முந்தியும் நின்றன. அமெரிக்க இதழ் ஒன்றில் சில ஆண்டுகளாக வெளிவந்த சோதனைக் கட்டுரைகளிலும், பழைய டமாஸ்கஸ் பார்க்கர்கள் அழுத்தத்தை மேலும் மேலும் கூட்டிச் சுட்டபோது எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் தாங்கின. ஆக, டமாஸ்கஸ் என்பதாலேயே அபாயம் என்பது வெறும் பேச்சு. ஆனால் ‘டமாஸ்கஸ் பத்திரம்’ என்பதும் அதே அளவு வெறும் பேச்சு. நூறு ஆண்டு கரிமருந்துக் கசடு பற்றுவரிகளுக்குள் அரித்திருக்கும். யாரோ உள்ளே துருவை எடுக்க ராவி ராவிச் சுவரை மெலியவிட்டிருப்பார்கள். ஆண்டும் வகையும் பெயரும் பதில் சொல்லாது. ஆயிரத்தில் இருபது பங்கு அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்: குழல் சுவர் அதற்குக் கீழே மெலிந்தால் கைவிட வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் பொது வழக்கு. அளக்கும் கருவி சொல்வதே கடைசித் தீர்ப்பு.

பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637-இல் பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் வந்தது. புதிய குழலை அளவுக்கு மீறிய மருந்தோடு சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். குழலின் அடியில் குத்தியிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கிரீடங்களையும் எண்களையும் படிக்கத் தெரிந்தவருக்குத் துப்பாக்கியின் ஜாதகம் கையில் வந்த மாதிரி. உள்விட்டம் எவ்வளவு, கரிமருந்துக்கா புகையில்லா மருந்துக்கா, பிறகு எப்போது மறுசோதனை ஆயிற்று, எல்லாம் அங்கே இருக்கும். முத்திரை சொல்லும் விட்டத்துக்கும் இன்றைய விட்டத்துக்கும் ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது சோதனை தவறிய துப்பாக்கி. அப்படியே விற்பது குற்றம்.

அனுபவசாலிகள் அளப்பதற்கு முன்னால் இன்னொன்று செய்வார்கள். கட்டையைக் கழற்றி, குழல்களை ஒரு நூலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுவார்கள். நடுப்பட்டையின் பற்று சரியாக இருந்தால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் ‘தட்’டென்று செத்துப்போகும். சந்தையில் மண்பானை வாங்கும் நம் பாட்டிகளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு தோட்டா. ஆள் ஏமாறும் இடம் இதுதான். பழைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கியின் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டா பலவும் இரண்டே முக்கால். அப்படியானால் உள்ளே போகாதே என்று நினைப்போம், போகும். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால் அது குட்டையாகத்தான் இருக்கும். இரண்டே முக்கால் என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் அது நெருக்கும். உள்ளே அழுத்தம் எகிறும். துப்பாக்கி அன்றே வெடிக்காமல் போகலாம். பூட்டு தளர்ந்து, கட்டை பிளந்து, பத்து ஆண்டில் ஓய்ந்துவிடும். பழைய துப்பாக்கிகளைக் கொன்றதில் வெடிப்பைவிட இந்த மெதுவான வேலைக்குப் பங்கு அதிகம்.

நம் ஊர் ஜமீன் வீட்டுப் படங்களில் இரட்டைக்குழலோடு நின்ற தாத்தாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் துப்பாக்கிக்கு இங்கே வேட்டை வேலை இல்லை. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் உரிமத்தில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்கவும் முடியாது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போய்வரும், மற்ற நாளில் பரணில் துருப்பிடிக்கும். இங்கே விவாதம் முடிந்துவிட்டது, முடிந்ததே நல்லது.

அங்கே முடியவில்லை. ஆனால் முடித்துவைக்கப் போவது வெடிப்பும் அல்ல, விலையும் அல்ல, ஈயம். வாத்துகளும் கோழியினங்களும் தீனியை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயக்குண்டையும் கல்லென்று விழுங்கி விஷமேறிச் சாகும். அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடுத்தது. டென்மார்க் 1996-இல் எல்லா வேட்டையிலும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் தடுத்தது. 2025 ஜூலையில் பிரிட்டனும் ஈயக்குண்டுகளை நீக்கப்போவதாக அறிவித்தது.

மாற்று எஃகுக்குண்டு. மலிவு, ஆனால் கடினம். ஈயம் குழலின் இறுக்க வாயில் நசுங்கிப் போகும். எஃகு நசுங்காது, வாயை உள்ளிருந்து புடைக்க வைக்கும். மெல்லிய சுவரும் இறுக்க சோக்கும் உள்ள 1890 குழலுக்கு அது எமன். சோக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சாதாரண எஃகுத் தோட்டாவைச் சில பழைய குழல்கள் தாங்கும். திறந்தால் அது ஆலையிலிருந்து வந்த துப்பாக்கி அல்ல. இன்னொரு மாற்று பிஸ்மத். மென்மை, பழைய குழலுக்கு ஒத்துப்போகும்; அடர்த்தியும் ஈயத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் விலை பல மடங்கு. சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும் துப்பாக்கிக்குத் தீனி போடுவது அதை வாங்குவதைவிடச் செலவாகலாம். யானையைச் சும்மா கொடுத்தாலும் வாங்கத் தயங்குகிற கதைதான். பர்மிங்காம் பாக்ஸ்லாக்குகள் மலிந்துபோனதற்கு இது பெரிய காரணம்.

என் சாய்வை மறைக்கவில்லை. அளந்து பார்த்துத் தேறிய துப்பாக்கி சுடத்தான் வேண்டும். பிஸ்மத் வாங்க முடியாதவர் நாலு தோட்டாவில் நிறுத்திக்கொள்ளட்டும். 3,937 கோழி விழுந்த நாளுக்காக வருந்தும் காலத்தில் நாலு தோட்டா குறையல்ல. ஈயத்தைக் காப்பாற்றத் துப்பாக்கியின் வயதைச் சாக்காகச் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

அமெரிக்க வேட்டை எழுத்தாளர் நாஷ் பக்கிங்ஹாமிடம் ஒரு ஃபாக்ஸ் இருந்தது. பர்ட் பெக்கர் என்ற வினைஞர் அவருக்கென்று குழல் கடைந்து கொடுத்தது; அது எழுப்பும் முழக்கத்தைக் கேட்டு நண்பர் வைத்த பெயர் ‘போ-வூப்’. 1948 டிசம்பர் 1 அன்று ஆர்கன்ஸா மாநிலத்தில் வாத்து வேட்டை முடிந்து திரும்பும்போது வனக்காவலர் வண்டியை நிறுத்திச் சோதித்தார். துப்பாக்கியைக் காரின் மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் கிளம்பிவிட்டார்கள். விளம்பரம் கொடுத்தார், தேடினார், கிடைக்கவில்லை. 1971-இல் இறந்தும் போனார். ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து, கட்டை முறிந்த ஒரு துப்பாக்கியை யாரோ பழுதுபார்க்கக் கொண்டுவந்தபோது குழலில் பக்கிங்ஹாம் பெயர் இருந்தது. 2010-இல் 2,01,250 டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர் அதை டக்ஸ் அன்லிமிடெட் என்ற வாத்துப் பாதுகாப்பு அமைப்புக்கே கொடுத்துவிட்டார். தொலைதூர ஈயத்துக்காக இறுக்கிக் கடைந்த அந்தக் குழல்கள் இப்போது மெம்ஃபிஸில் அதன் தலைமையகத்தில் இருக்கின்றன. எந்தத் தோட்டாவுக்காக அவை செய்யப்பட்டனவோ அதை வாத்தின் மேல் சுட 1991 முதல் சட்டம் இடம் கொடுப்பதில்லை.